22 அங்குல மெஷின் எதற்கு?

மழைக்காலம் நெருங்கினால் எங்கள் மறைமலை நகரில் இரண்டு பேச்சு கிளம்பும். கொளவாய் ஏரி நிரம்புமா என்பது ஒன்று. புயல் வந்து மரம் விழுந்தால் யார் அறுப்பது என்பது மற்றது. இந்த வருஷம் இரண்டாவது பேச்சு எங்கள் தெரு குடியிருப்போர் சங்கத்தில் ஒரு தீர்மானமாகவே வந்துவிட்டது. சங்கப் பணத்தில் ஒரு 'செயின் சா' வாங்குவது. தெருவில் விழும் மரத்தை நாமே அறுத்து அப்புறப்படுத்துவது. மற்ற நாட்களில் உறுப்பினர்கள் வீட்டு விறகை அறுத்துக்கொள்ள வாடகைக்குக் கொடுப்பது. மூன்று விலைப்புள்ளி வாங்கியாயிற்று. அதில் விலை குறைந்ததும் நீளத்தில் பெரியதுமான 22 அங்குல மெஷினுக்கே பெரும்பாலோர் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. காரணம் சொல்ல ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். எனக்கு ஐந்து நிமிடம் போதாது என்பது இங்கே வழக்கமாகப் படிக்கிற நண்பர்களுக்குத் தெரியும்.

முதலில் பெயர். நான் படித்தது புதுவையில், பிரெஞ்சு மீடியத்தில். பிரெஞ்சில் இந்தக் கருவிக்கு 'த்ரோன்சொனெஸ்' என்று பெயர்; துண்டு போடுகிறவள் என்று பொருள் கொள்ளலாம், பெண்பால். தமிழில் இன்னும் ஒரு பெயர் நிலைக்கவில்லை. 'சங்கிலி ரம்பம்' என்று எழுதினால் அகராதிக்காரர் மகிழ்வார், விறகுத் தொட்டியில் யாருக்கும் புரியாது. அங்கே 'மெஷின்' என்றால் போதும்.

அறுக்க வேண்டியது எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை என்பதுதான் என் முதல் வருத்தம். பிரெஞ்சுக்காரர்கள் விறகை எடை போட மாட்டார்கள், அடுக்கி அளப்பார்கள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் அடுக்கினால் ஒரு 'ஸ்தேர்'. 1795இல் மீட்டரோடும் கிராமோடும் சேர்ந்து பிறந்த அளவு அது. நம் ஊரில் தராசு. பச்சை விறகை எடைக்கு வாங்குகிறவர் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார். அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி வரைகூடத் தண்ணீர் இருக்கும். இது வேறு கதை. நான் சொல்ல வந்தது, எங்கள் வீட்டு வெந்நீர் பாய்லருக்கு வருஷம் முழுக்க ஒரு ஸ்தேர் விறகு ஆகாது. பொங்கலுக்கு வாசலில் வைக்கும் அடுப்பு, எப்போதாவது வீட்டு விசேஷத்துக்கு வரும் சமையல்காரரின் கோட்டை அடுப்பு எல்லாம் சேர்த்தாலும் தெரு முழுவதற்கும் பத்துப் பன்னிரண்டு ஸ்தேரைத் தாண்டாது. அதையும் சவுக்காக வாங்கினால் தொட்டிக்காரரே துண்டு போட்டுத்தான் அனுப்புகிறார். நாளெல்லாம் விறகு எரிப்பது நெடுஞ்சாலை ஓரத்து 'விறகு அடுப்பு பிரியாணி' கடைகள். அவர்கள் நம் சங்கத்தில் உறுப்பினர்கள் இல்லை.

இனி நீளம். 22 அங்குலம் என்பது மெஷினின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டின் நீளம். அதைச் சுற்றித்தான் சங்கிலி ஓடுகிறது. அறுக்கிற கட்டையின் குறுக்களவைவிட இரண்டு அங்குலம் நீளமாகத் தகடு இருந்தால் ஒரே மூச்சில் அறுக்கலாம். இரண்டு பக்கமும் மாறி மாறி அறுத்தால் தகட்டைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு பருமனையும் அறுத்துவிடலாம். விறகுக்கு வரும் சவுக்கு நாலு அங்குலம், ஆறு அங்குலம். வேலிக்காத்தான் கோணல்மாணலாக இருக்குமே தவிர, பருமன் அதிகம் இராது. நம் தெருவில் இருக்கிற மிகப் பெரிய மரம் முனையில் நிற்கும் தூங்குமூஞ்சி; அதன் கிளைகள் ஓரடிக்குள்தான். 12 முதல் 16 அங்குலத் தகடு இதற்கெல்லாம் தாராளம். அந்தத் தூங்குமூஞ்சியின் அடிமரமே சாய்ந்தால் அதை அறுக்க வேண்டியவர்கள் நகராட்சியும் தீயணைப்புத் துறையும்.

"பெருசா வாங்கிட்டா எல்லாத்துக்கும் ஆச்சு சார், சின்னதா வாங்கிட்டு அப்புறம் அல்லாடக் கூடாது" என்றார் செயலாளர். நல்ல மனிதர், ஓரகடம் பக்கம் தொழிற்சாலையில் வேலை. அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: தம்பி, எட்டுப் பேர் இருக்கிற வீட்டுக்கு யாராவது அண்டாவில் காப்பி போடுவார்களா? நீளத் தகடு என்றால் மூக்குப் பக்கம் கனம். பெட்ரோலும் எண்ணெயும் ஊற்றினால் அந்த மெஷின் ஏழு கிலோவை நெருங்கும். அரை மணி நேரம் குனிந்து பிடித்தால் இடுப்பு சொல்லும். சங்கிலி நீளம் என்றால் பற்கள் அதிகம், அராவும் வேலை அதிகம், குடிக்கிற எண்ணெயும் அதிகம். இதைவிட முக்கியமானது மூக்கின் நுனி எங்கே இருக்கிறது என்பது. நீளத் தகட்டின் நுனி, அறுக்கிற கட்டைக்கு அப்பால் இலை தழைக்குள் போய் மறைந்து நிற்கும். அந்த நுனியின் மேல் கால்பகுதி வேறொரு கட்டையில் பட்டால் போதும், மெஷின் மேல்நோக்கித் துள்ளி அறுக்கிறவர் முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். மனிதன் கண் சிமிட்டுவதற்குள் நடந்து முடிந்துவிடும். சங்கிலி ஓடும் வேகம் நொடிக்கு 20 மீட்டர் அளவில். ஜி.எஸ்.டி. சாலையில் கார் போகிற வேகம் அது.

இந்தத் துள்ளலுக்காகத்தான் முன் கைப்பிடிக்கு எதிரே ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். அதில் கை மோதினாலோ, துள்ளலின் வேகத்தாலோ சங்கிலி அந்தக் கணமே நின்றுவிட வேண்டும். சுவீடனின் ஹஸ்க்வர்னா முதலிய கம்பெனிகள் 1970களில் கொண்டுவந்த ஏற்பாடு. (ஹஸ்க்வர்னா 1689இல் துப்பாக்கித் தொழிற்சாலையாகத் தொடங்கியது, ரம்பத்துக்கு வந்தது வெகு காலம் கழித்து.) இன்று மலிவு மெஷினிலும் அந்தத் தடுப்பு இருக்கிறது. கேள்வி, அது வேலை செய்கிறதா என்பதுதான். கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்க வேண்டும். பார்சலில் வருவதை எங்கே ஓட்டிக் காட்டச் சொல்வது?

சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை, எனக்குப் பிடித்த கதை. 1940களில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு வண்டின் புழு கட்டைக்குள் துளைத்துக்கொண்டு போவதைக் கவனித்தாராம். அதன் இரண்டு தாடைகளும் இடம் வலமாகச் சீவுகின்றன. நாராக இருந்தாலும் குறுக்காக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். அதைப் பார்த்து இடம் ஒரு பல், வலம் ஒரு பல் என்று கொக்கி போலச் சங்கிலி செய்தார். இன்றைக்கு ஓடுகிற அத்தனை மெஷினிலும் அந்தப் புழுவின் தாடைதான் சுற்றுகிறது. அந்தப் பல் கூராக இருந்தால் மரம் செதில் செதிலாக வந்து விழும். மாவு மாதிரித் தூள் வந்தால் பல் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். மழுங்கியதும் ஆள் அழுத்த ஆரம்பிப்பார். அழுத்தினால் மெஷின் சூடாகும், கை தளரும், அப்போதுதான் விபத்து. ஆகவே மெஷினோடு உருட்டு அரம் வாங்க வேண்டும். சின்னச் சங்கிலிக்கு பெரும்பாலும் 4 மில்லிமீட்டர். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே கோணத்தில், ஒரே எண்ணிக்கையில் இழுக்க வேண்டும். அந்தக் காலத்து முடிதிருத்துபவர் தோல்பட்டையில் கத்தியைத் தீட்டுவாரே, அந்தப் பொறுமை. மூன்று விலைப்புள்ளியில் ஒன்றில்கூட அரம் இல்லை.

விலைப்புள்ளி என்றதும் என் பழைய தொழில் முன்னால் வந்து நிற்கிறது. முப்பத்து மூன்று வருஷம் குமாஸ்தா. ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தே கண் மங்கியவன். மிகக் குறைந்த விலைக்குக் கொடுக்க வேண்டும் என்பது அரசு விதி. அதில் எனக்குக் குறை இல்லை, கை சுத்தமாக இருக்க அது உதவியது. ஆனால் அந்த விதிக்கு முன்னால் இன்னொரு விதி இருந்ததைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: எல்லோரும் ஒரே பொருளுக்கு விலை சொல்லியிருக்க வேண்டும். நான் இருந்த ஓர் அலுவலகத்தில் அலமாரி வாங்கினார்கள். ஒருவர் பூட்டோடு விலை சொன்னார், ஒருவர் பூட்டில்லாமல். பூட்டில்லாதது வந்தது. பிறகு பூட்டு வாங்கக் கோப்பு தனியாகப் போய், அது வர பதினொரு மாதம் ஆயிற்று. அதுவரை அலமாரிக் கதவைச் சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தோம். எங்கள் சங்கத்துக்கு வந்த மூன்று விலைப்புள்ளியும் அப்படித்தான். ஏழாயிரம் ரூபாய்க்குள் வருகிற 22 அங்குல மெஷினில் கணக்குக்குள் வராதவை: அரம், மாற்றுச் சங்கிலி, சங்கிலி எண்ணெய், இரட்டை வீச்சு இன்ஜின் எண்ணெய், காதுக்கும் கண்ணுக்கும் மூடி, காலுக்குக் காப்பு. 16 அங்குல நல்ல கம்பெனி மெஷின் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். ஆனால் அவர்கள் தாம்பரத்துக்குள்ளேயே பழுது பார்த்துத் தருவதாக எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே வரிசையில் எழுதி, கீழே ஒரு கோடு போட்டு, எது குறைவு என்று பார்ப்பது ஒப்பீடு ஆகாது.

இன்னொரு குழப்பம், புயலையும் விறகையும் ஒரே மெஷினில் கட்டிப் போட்டது. வீட்டு விறகு மட்டும் என்றால் கரண்டில் ஓடுகிற மெஷினே நல்லது. புகை இல்லை, இழுத்து இழுத்து ஸ்டார்ட் செய்யும் வேலை இல்லை, என் வயதுக்காரர்கூடப் பக்கத்தில் நிற்கலாம். 2000 வாட் மெஷினுக்கு ஒன்பது ஆம்பியர் வேண்டும். சுவரில் இருக்கும் சின்ன பிளக்கில் சொருகக் கூடாது, 15 ஆம்பியர் பிளக்கும் கனமான வயரும் வேண்டும். அவ்வளவுதான். ஆனால் புயல் நாளில் அது தண்டம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரை கடந்தபோது நம் பக்கத்தில் மின்சாரம் வரப் பல நாள் ஆனது எல்லோருக்கும் நினைவிருக்கும். வண்டலூர் பூங்காவில் ஆயிரக்கணக்கில் மரம் சாய்ந்தது. புயலுக்கென்றால் பெட்ரோல் மெஷின்தான்.

பெட்ரோல் மெஷினுக்கோ வேறு நோய். அது வருஷத்தில் மூன்று நாள் ஓடும், மீதி நாள் சங்க அறையில் தூங்கும். இப்போது வருகிற பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஜனவரியில் மிச்சம் வைத்த பெட்ரோல் அடுத்த நவம்பரில் கார்புரேட்டரைப் பிசினாக்கி வைத்திருக்கும். புயலன்று காலையில் பத்துப் பேர் மாறி மாறிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பார்கள். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மெஷின் தானாக நிற்கும் வரை ஓட்டிவிட்டு வைக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து ஐந்து நிமிடம் ஓட்ட வேண்டும். லிட்டருக்கு எத்தனை மில்லி எண்ணெய் என்பதைப் புத்தகத்தில் பார்த்துக் கலக்க வேண்டும். 20 மில்லி சொல்கிற மெஷினும் உண்டு, 40 மில்லி சொல்கிற மெஷினும் உண்டு. எண்ணெய் கலக்காத பெட்ரோலை ஊற்றினால் இன்ஜின் அன்றைக்கே இறுகிவிடும். இந்த வேலைக்கு யார் பொறுப்பு என்று தீர்மானத்தில் ஒரு வரிகூட இல்லை.

விழுந்த மரத்தை அறுப்பது விறகு துண்டு போடுவது போல அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூர், பண்ருட்டி பக்கத்து பலாவையும் முந்திரியையும் படுக்க வைத்தது. அப்போது உறவினர் தோப்பில் மரம் அறுக்க வந்த ஒரு பெரியவர் மெஷினை எடுக்கும் முன் மரத்தைச் சுற்றி மூன்று தரம் நடந்தார். என்ன ஐயா தேடுகிறீர்கள் என்றேன். "எங்க இழுத்துக்கிட்டு நிக்குதுன்னு பாக்கறேன்" என்றார். சாய்ந்த மரம் வில் மாதிரி. வளைந்த கிளையின் இழுபட்ட பக்கத்தை முதலில் அறுத்தால் பிளந்து அடிக்கும். அமுங்கின பக்கத்தை ஆழமாக அறுத்தால் தகட்டைக் கவ்விக்கொள்ளும். வேரோடு பெயர்ந்த மரத்தில் அடிமரத்தை அறுத்ததும், வேர் மண்ணோடு திரும்ப நிமிர்ந்து குழியில் உட்காரும்; அந்தக் குழியில் யாராவது நின்றால் அவ்வளவுதான். கிளைக்குள் மின்கம்பி சிக்கியிருந்தால் மின்வாரிய ஆள் வந்து சொல்லும் வரை தொடவே கூடாது. தெருவில் கரண்ட் இல்லை என்பது கம்பியில் கரண்ட் இல்லை என்பதற்கு அத்தாட்சி அல்ல, யார் வீட்டு ஜெனரேட்டர் எந்த வழியாகத் திரும்புகிறது என்று யாருக்குத் தெரியும்?

நம் பக்கத்துக்கே உரிய ஒரு விறகு இருக்கிறது, அதையும் விட முடியாது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஓரகடம், சிங்கப்பெருமாள் கோவில் வரை தொழிற்சாலைகளில் இறங்கும் சாமான்களோடு வருகிற மரப் பலகைச் சட்டங்களும் பெட்டிகளும். 'பாலெட்' என்கிறார்கள். பழைய சாமான் வியாபாரிகளிடமிருந்து மலிவாகக் கிடைக்கிறது; என் வீட்டுப் பின்புறமும் ஒரு குவியல் உண்டு. காய்ந்த பைன் மரம், குப்பென்று பிடிக்கும். ஆனால் அதில் மெஷினை வைக்காதீர்கள். ஆணி. ஓர் ஆணியில் பட்டால் நாலைந்து பல் போய்விடும், தெறித்தால் கண் போகும். கடப்பாரையால் பிரித்து, கை ரம்பத்தால் அறுப்பதே முறை. அதற்கு முன் சட்டத்தில் சுட்ட முத்திரையைப் பாருங்கள். கோதுமைக் கதிர் மாதிரி ஓர் அடையாளம், பக்கத்தில் நாட்டின் எழுத்து, அதன் கீழே 'ஹெச்.டி.' அல்லது 'எம்.பி.' என்று இருக்கும். ஹெச்.டி. என்றால் பூச்சி போக மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடு காட்டியது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை காட்டியது. எம்.பி. போட்டதை அடுப்புப் பக்கமே கொண்டு போகாதீர்கள், வெந்நீருக்குக்கூட. முத்திரையே இல்லாததையும் நான் எரிப்பதில்லை. இது உலக நாடுகள் 2002இல் ஒத்துக்கொண்ட முறை. நம் பிள்ளைகள் பலருக்குத் தொழிற்சாலையில் தினம் பார்க்கிற முத்திரைதான், கேட்டால் சொல்வார்கள்.

பிள்ளைகள் என்றதும் என் மனதை உறுத்துவதைச் சொல்கிறேன். எங்கள் தெருவுக்கு மரம் ஏறுகிற, கிளை கழிக்கிற ஒரு பையன் இருக்கிறான். பையன் என்ன, முப்பத்தைந்து வயது. இரண்டு பெண் குழந்தைகள். வாரநாட்களில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலி. அங்கே வாசலிலேயே தலைக்கவசம், கண்ணாடி, முனையில் இரும்பு வைத்த ஷூ இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை நம் தெருவில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு மெஷினைப் பிடிப்பான். நாமும் மொட்டை மாடியில் காப்பி டம்ளரோடு நின்று "பாத்துப்பா, பாத்துப்பா" என்போம். தொழிற்சாலைக்காரன் அவன் காலுக்குக் கொடுக்கிற மரியாதையை, அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற நாம் கொடுக்க மாட்டோமா? தீர்மானத்தில் 'சங்க மெஷின்' என்று இருக்கிறது. அதைப் பிடிக்கப் போகிறவர் கை தூக்கின எழுபது வயது உறுப்பினர்களில் ஒருவரும் அல்ல என்பது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

காலுக்கென்று ஒரு கால்சட்டை விற்கிறார்கள். உள்ளே நீள நீள நாராக ஏழெட்டு அடுக்கு வைத்துத் தைத்தது. சங்கிலி பட்டதும் மேல்துணி கிழிந்து நார் இழுபட்டுச் சக்கரத்தில் சுற்றி மெஷினை நிறுத்திவிடும். முழுக் கால்சட்டை வேண்டாம் என்றால் முன்பக்கம் மட்டும் கட்டிக்கொள்ளும் கவசமும் உண்டு, நம் வெயிலுக்கு அதுவே சுகம். இடது கைப்பிடிக்காரருக்கு மெஷின் தலைகீழாக இருக்கும் என்பதால் வலது கை பின்பிடியில், இடது கை முன்பிடியில், கட்டைவிரல் சுற்றிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவும் ஒரு நாள் வேண்டும். நல்ல கம்பெனிக் கடைகளில் கேட்டால் ஓட்டிக் காட்டிச் சொல்லித் தருகிறார்கள்.

ஆகவே என் வோட்டு இப்படி. 14 அல்லது 16 அங்குலம், பெட்ரோல், பழுது பார்க்கும் இடம் பக்கத்தில் இருக்கிற கம்பெனி. கூடவே இரண்டு சங்கிலி, அரம், காது மூடி, கண்ணாடி, கால் கவசம், அந்தப் பையன் அளவுக்கு ஒரு ஜோடி ஷூ. புயலில் தெருவை மறித்த கிளைகளுக்கு மட்டும். அடிமரத்தில் கை வைக்கக் கூடாது. உறுப்பினர்களுக்கு மெஷினை வாடகைக்குக் கொடுக்கவே கூடாது. விறகு அறுக்க வேண்டுமானால் ஆளும் மெஷினும் சேர்ந்துதான் வரும், கூலி அவனுக்கு, தேய்மானம் சங்கத்துக்கு. அவன் பேரில் ஒரு விபத்துக் காப்பீடும் எடுக்க வேண்டும். சங்கப் பணம் இவ்வளவுக்கும் போதாது என்றால் மெஷினை வாங்காதீர்கள். கவசத்தையும் ஷூவையும் காப்பீட்டையும் மட்டும் வாங்கி அவனிடம் கொடுங்கள். வேலை வருகிற நாளில் மெஷினைத் தொட்டியில் வாடகைக்கு எடுத்துக்கொள்வான். ஷூ அளவு கேட்டு வைத்திருக்கிறேன், எட்டாம் நம்பர்.